நடக்காததைச் சொல்ல ஒரு வினைவடிவம்

(எமது கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பாரிஸில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் மேடையேறினால் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்று தொடங்குவதுதான் வழக்கம். சங்கத்தாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நாமோ இலக்கணத்தைத் தலைப்பாகக் கேட்டு வாங்கினோம். அதுவும் பிரெஞ்சு இலக்கணத்தின் மிகவும் பொல்லாத மூலை என்று பேர் எடுத்த 'சுப்ஜோன்க்திஃப் ப்ள்யுஸ்-க-பார்ஃபே'. பெயரைக் கேட்டதும் பின்வரிசைப் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. அவர்களுக்கு முதலில் ஆறுதல் சொல்லிவிடுவோம். இதை வாயால் சொல்லும்படி இந்த நாட்டில் உங்களை எவரும் கேட்கப்போவதில்லை. அப்படியானால் ஏன் இதைப் பற்றிப் பேச வேண்டும்? வைத்தியசாலையில் எமக்கு நாளாந்தம் தேவைப்படும் ஒரு விஷயம் இதற்குள் இருக்கிறது. அதற்கு வருமுன் இந்த வடிவத்தை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம். எமது ஆசிரியைகள் எமக்குப் பழக்கியதும் அதுதானே: முதலில் இலக்கணம், பிறகு கருத்து.

வீடுகளில் 'பெஷரெல்' என்ற வினைமாற்றுப் புத்தகம் இருக்கும். 1842ஆம் ஆண்டு பெஷரெல் சகோதரர்கள் வெளியிட்ட நூலின் வழியில் வந்தது. அதில் எந்த வினைச்சொல்லின் பக்கத்தைத் திறந்தாலும், 'சுப்ஜோன்க்திஃப்' என்ற தலைப்பின் கீழ் நான்கு கட்டங்கள் உண்டு. நடந்ததை நடந்ததாகக் கூறும் வினை ஒரு வகை. விருப்பம், அச்சம், ஐயம், வருத்தம் என்று ஒருவரின் மனத்தினூடாகப் பார்த்துச் சொல்லப்படும் வினை இன்னொரு வகை. இரண்டாவதுதான் சுப்ஜோன்க்திஃப். அதன் நான்காவது கட்டம் எமது இன்றைய விஷயம். 'பார்ஃபே' என்றால் முற்றியது. 'ப்ள்யுஸ்-க-பார்ஃபே' என்றால் முற்றியதற்கும் முந்தியது. ஆக, கடந்துபோன ஒன்றுக்கும் முன்னால் நிகழ்ந்ததாக அல்லது நிகழாமற் போனதாக மனம் எண்ணும் செயலுக்கு இந்த வடிவம்.

இதை அமைப்பது பெயரைப்போலக் கடினமல்ல. இரண்டு துணைவினைகள் போதும். ஒன்று 'அவ்வார்', அதாவது உடைத்தாயிருத்தல். மற்றது 'எத்ர்', அதாவது இருத்தல். அவ்வார் ஆறு இடங்களிலும் இப்படி வரும்: யுஸ், யுஸ், யு, யுசியோன், யுசியே, யுஸ். எத்ர் இப்படி வரும்: ஃப்யுஸ், ஃப்யுஸ், ஃப்யு, ஃப்யுசியோன், ஃப்யுசியே, ஃப்யுஸ். இங்கே நாம் 'யு' என்று எழுதுவது, உதட்டை 'உ' சொல்லக் குவித்துக்கொண்டு நாக்கால் 'இ' சொன்னால் வரும் ஒலி. இந்தத் துணைவினைக்குப் பின்னால், முக்கிய வினையின் இறந்தகால எச்சத்தை வைத்தால் வேலை முடிந்தது. 'பேசு' என்பதற்கு 'பார்லே'. 'க ஜ்யுஸ் பார்லே'. 'வா' என்பதற்கு 'வன்யு'. 'க ஜ ஃப்யுஸ் வன்யு'.

பன்னிரண்டு சொற்களையும் ஒரு எச்சத்தையும் அறிந்தால் ஆயிரக்கணக்கான வினைகளுக்கு இது சரியாகும், விதிவிலக்கு ஒன்றும் இல்லை. பெஷரெலில் இதற்கு முன்னால் இருக்கும் மூன்றாவது கட்டத்துக்கு ஒவ்வொரு வினைக்கும் தனித்தனி வடிவம் பாடமாக்க வேண்டும். நான்காவதற்கு அந்தத் தொல்லை கிடையாது. கவனிக்க வேண்டியவை இரண்டு. வருதல், போதல், பிறத்தல், இறத்தல், புறப்படுதல், விழுதல் போன்ற சில வினைகளும், தன்னைத்தானே குறிக்கும் வினைகளும் 'எத்ர்' எடுக்கும். ஏனைய பெரும்பாலானவை 'அவ்வார்' எடுக்கும். எத்ர் எடுத்தால், எச்சம் பொதுவாக எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும். நாம் பெண்கள் என்பதால் 'வன்யு' என்பதன் இறுதியில் ஓர் 'அ' எழுத்துக் கூட்டி எழுதுவோம். காதுக்கு அது கேட்காது. தாளில் மட்டும் தெரியும்.

தாளில் மட்டும் தெரியும் இன்னொன்றும் உண்டு. படர்க்கை ஒருமையில் வரும் 'யு', 'ஃப்யு' ஆகியவற்றின் உயிரெழுத்தின் தலையில் ஒரு சின்னக் கூரை போடுவார்கள். பிள்ளைகள் அதைத் தொப்பி என்பார்கள். தொப்பி இல்லாமல் 'இல் யு பார்லே' என்று எழுதினால், அவன் பேசி முடித்தான், உண்மையிலேயே பேசினான். தொப்பியோடு எழுதினால், அவன் பேசியிருந்தால் என்றோ, பேசியிருப்பான் என்றோ பொருள் மாறிவிடும். ஒலி இரண்டுக்கும் ஒன்றுதான். நடந்ததையும் நடவாததையும் பிரிப்பது அந்தச் சின்னக் குறி மட்டுமே.

அந்தக் கூரைக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய பிரெஞ்சில் அந்த இடத்தில் ஓர் 'ஸ்' இருந்தது. உச்சரிப்பில் அது மறைந்து பல காலத்துக்குப் பிறகும் எழுத்தில் நின்றது. 1740இல் பிரெஞ்சு அக்கடமியின் அகராதி மூன்றாம் பதிப்புக் கண்டபோது, இப்படி ஒலியிழந்து நின்ற பல 'ஸ்'களை எடுத்துவிட்டுக் கூரையைப் போட்டார்கள். 1990இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தவர்கள் 'இ', 'யு' ஆகியவற்றின் மேலுள்ள கூரைகளை அநேக சொற்களில் விட்டுவிடலாம் என்றார்கள். இந்த வினைவடிவத்தின் கூரையில் கைவைக்கவில்லை. எடுத்தால் பொருளே போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இது எங்கே பயன்பட்டது? இரண்டு இடங்களில். முதலாவது, தலைமை வினை இறந்தகாலத்தில் இருந்து, அதற்கு முந்தியதொன்றைப் பற்றிய அச்சமோ வருத்தமோ சொல்லும்போது. 'அவள் போய்விட்டாளோ என்று பயந்தேன்' என்ற வகை வாக்கியம் அது. இரண்டாவது இடம் எமக்கு முக்கியமானது. 'இருந்திருந்தால்' என்ற பகுதியிலும், 'இருந்திருக்கும்' என்ற பகுதியிலும் இந்த ஒரே வடிவம் நிற்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளேஸ் பாஸ்கல், கிளியோபாத்ராவின் மூக்கின் நீளத்தையும் உலக வரலாற்றையும் தொடர்புபடுத்தி எழுதிய குறிப்பு உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அந்த வாக்கியத்தின் 'இருந்திருந்தால்' பகுதி இந்த வடிவத்தில்தான் இருக்கிறது.

இன்று எவரும் இப்படிப் பேசுவதில்லை. 'யுசியோன்', 'யுசியே' என்று வாய்நிறையச் சொன்னால் பிரெஞ்சுக்காரரே சிரித்துவிடுவார்கள். அரசும் மெல்ல மெல்ல வழிவிட்டது. 1901 பெப்ரவரி 26ஆம் திகதி கல்வி அமைச்சர் ஜோர்ஜ் லேக் வெளியிட்ட ஆணை, சில இடங்களில் பழைய சுப்ஜோன்க்திஃபுக்குப் பதிலாக நிகழ்கால வடிவம் எழுதினால் பரீட்சையில் பிழையாகக் கொள்ளக்கூடாது என்றது. 1976 டிசம்பர் 28ஆம் திகதி வந்த ஆணை இன்னும் தாராளமாக, ப்ள்யுஸ்-க-பார்ஃபேக்குப் பதிலாக எளிய இறந்தகால சுப்ஜோன்க்திஃபையும் ஏற்றுக்கொண்டது. இப்போது இந்த வடிவம் பழைய நாவல்களிலும் சில எழுத்தாளர்களின் நடையிலும் வாழ்கிறது. கூறைச்சேலை அலுமாரியில் இருப்பதுபோல இருக்கிறது. தினமும் உடுப்பதில்லை, ஆனால் எறிவதுமில்லை.

ஆடை மாறினாலும் அது செய்த வேலை நிற்கவில்லை. நடக்காத ஒன்றைப் பற்றி மனிதர் பேசுவதை எந்த ஆணையாலும் நிறுத்த முடியாதே. இன்றைய பேச்சுப் பிரெஞ்சில் 'அவள் முந்தியே வந்திருந்தால்' என்பதற்குச் 'சி எல் எத்தே வன்யு ப்ள்யு தோ' என்பார்கள். 'காப்பாற்றியிருக்கலாம்' என்பதற்கு 'ஒன் ஓரே ப்யு லா சோவே'. முதற்பாதிக்கு ஒரு வடிவம், இரண்டாம் பாதிக்கு இன்னொன்று. பழைய நடையில் 'சி எல் ஃப்யு வன்யு, ஒன் யு ப்யு' என்று இரண்டு பாதிக்கும் ஒரே உடுப்பு. வேறுபாடு அவ்வளவுதான்.

தமிழில் படித்த எமக்கு இது புதிதல்ல. 'வந்திருந்தால்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'வந்து' என்ற எச்சம், அதன்பின் 'இரு' என்ற துணைவினை, அதன்பின் 'ஆல்'. பிரெஞ்சிலும் 'வன்யு' என்ற எச்சம், 'இருத்தல்' என்ற துணைவினை. வரிசைதான் மாறியிருக்கிறது. 'வந்தால்' என்று வருங்காலத்தைப் பற்றிச் சொல்லும்போதும் எமது மொழி 'வந்த்' என்ற இறந்தகாலப் பகுதியைத்தான் எடுக்கிறது. பிரெஞ்சிலும் 'இப்போது இருந்தால்' என்று கற்பனை செய்யும்போது 'சி'க்குப் பின்னால் இறந்தகால வடிவமே வரும். நாவலர் பெருமானின் இலக்கணச் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெயரெச்சம், வினையெச்சம் என்று எங்களைப் படுத்தியெடுத்த தமிழ் ரீச்சர்மாரை அப்போது திட்டியவர்களும் இந்தச் சபையில் இருக்கிறோம். அந்தப் படிப்பு இல்லாமல் நாற்பது வயதில் இன்னொரு மொழியின் வினைகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. பிரெஞ்சு எங்களுக்கு வராது என்று சொல்லும் அக்காமார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கட்டடத்தின் அத்திவாரம் ஏற்கெனவே போட்டிருக்கிறது.

இனி வைத்தியசாலைக்கு வருவோம். ஒருவர் இறந்த பிறகு அவருடைய குடும்பத்தார் வைத்தியரிடம் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி இந்த வினைவடிவத்துக்குரியவை. நேற்றே கூட்டிவந்திருந்தால்? அந்த மருந்தை நிற்பாட்டாமல் இருந்திருந்தால்? தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால்? எந்த மொழிக் குடும்பமானாலும் கேள்வி ஒன்றுதான். அதற்கு விடை சொல்லும் வைத்தியர் வினைச்சொல்லை அளந்து எடுக்க வேண்டும். பிரெஞ்சில் 'ஓரே ப்யு' என்றால் செய்திருக்க முடியும். 'ஓரே த்யு' என்றால் செய்திருக்க வேண்டும். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். முதலாவது சாத்தியத்தைச் சொல்கிறது, இரண்டாவது குற்றம் சாட்டுகிறது. தமிழில் 'கொண்டுவந்திருக்கலாம்' என்பது இன்னும் ஆபத்தானது. மெல்லிய குரலில் சொன்னால் சாத்தியம், கொஞ்சம் அழுத்திச் சொன்னால் குறை. அந்தச் சொல்லை ஒரு மகள் முப்பது வருடம் காவித் திரிவாள்.

இதையே யார் மொழிபெயர்க்கிறார்கள் என்று யோசியுங்கள். அம்மாவுக்குப் பிரெஞ்சு விளங்காது. அப்பா வேலையில். பக்கத்தில் நிற்பது பதின்மூன்று வயதுப் பிள்ளை. அம்மம்மாவைக் காப்பாற்றியிருக்கலாமா என்ற கேள்வியையும் அதற்குரிய பதிலையும் அந்தப் பிள்ளையின் வாயால் கடத்துகிறோம். பள்ளிக்கூடத்தில் அது இந்த வினைமாற்றத்துக்கு இருபதுக்கு இருபது வாங்கியிருக்கலாம். அதற்காக அந்த வாக்கியத்தைச் சுமக்கும் தோள் அதற்கு உண்டென்று எண்ணக்கூடாது. 'ப்யு'வை 'த்யு' என்று அது மாற்றிச் சொன்னால் அம்மாவுக்கு என்ன நடக்கும்? பிள்ளைக்குப் பிறகு என்ன நடக்கும்? 2016ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டத்தில் மொழிபெயர்ப்புச் சேவைக்கு இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அநேக வைத்தியசாலைகள் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தரும். கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. மருந்துக் கடையில் பனடோல் வாங்கப் பிள்ளையைக் கூட்டிப் போவது வேறு, நோயின் பெயரைச் சொல்லும் அறைக்குள் கூட்டிப் போவது வேறு.

குடும்பங்களின் கேள்விக்கு நாம் சொல்லும் விடை பெரும்பாலும் இதுதான். அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு செய்தீர்கள். இன்றைக்குத் தெரிவது அன்றைக்குத் தெரியாது. இது சமாதானத்துக்குச் சொல்லும் பொய்யல்ல. வினைவடிவமே அதைத்தான் காட்டுகிறது. 'இருந்திருந்தால்' என்ற வாக்கியத்தை எந்த மொழியிலும் பின்னால் நின்றுதான் கட்ட முடியும். முடிவைக் கண்டவருக்கு மட்டுமே கிடைக்கும் வாக்கியம் அது. முடிவைக் காணாமல் நடந்தவரை அதைக் கொண்டு தண்டிப்பது நியாயமாகாது.

இந்த வாக்கியம் எமது வயதுக்காரருக்கு வைத்தியசாலையோடு முடிவதில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தவர்களில் எமது வகுப்புப் பிள்ளைகளும் இருந்தோம். கொப்பிகளைக் காவிச் சென்றவர்களும் உண்டு, தம்பி தங்கையைக் காவிச் சென்றவர்களும் உண்டு. சிலர் திரும்பி வந்து அதே வாங்குகளில் இருந்தோம். சிலர் வன்னிக்குப் போனார்கள். சிலர் கடல் கடந்தார்கள். சிலருக்கு இன்று இந்த மண்டபத்தில் கதிரை இல்லை. அன்று வேறு பாதையால் போயிருந்தால், பரீட்சையை எழுதியிருந்தால், அந்தக் கடிதம் வந்து சேர்ந்திருந்தால் என்று லாச்சப்பல் கடைத்தெருவில் மரக்கறி வாங்கும்போதுகூட இரண்டு பேர் நின்று கதைப்பதைக் கேட்கலாம். அந்தக் கதையை நிற்பாட்டுங்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். போனவர்களுக்கு அந்த வாக்கியத்தில்தான் இடம் இருக்கிறது. அந்த வாக்கியத்திலேயே குடியிருக்க வேண்டாம் என்று மட்டும் கேட்கிறோம்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். மூன்று விஷயங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, பிரெஞ்சு படிக்கும் சகோதரிகளுக்கு. 2026 ஜனவரி 1ஆம் திகதி முதல் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு 'பே 2' தரம் வேண்டும், பத்து வருட வதிவிட அட்டைக்கு 'பே 1' வேண்டும். இவற்றுக்கு இன்று நாம் பேசிய வடிவம் தேவையில்லை. 'சி எல் எத்தே வன்யு', 'ஒன் ஓரே ப்யு' என்ற பேச்சு வடிவங்களும், 'நீ வர வேண்டும்', 'நீ வர வேண்டுமென விரும்புகிறேன்' என்பவற்றோடு வரும் நிகழ்கால சுப்ஜோன்க்திஃபும் கட்டாயம் தேவை. அவற்றைச் சமைக்கும்போதும் மெற்றோவில் போகும்போதும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பழைய வடிவத்தைக் கண்டால் அடையாளம் காணத் தெரிந்தால் போதும். தொப்பி போட்ட 'யு'வையோ 'ஃப்யு'வையோ கண்டால், இது நடக்கவில்லை, மனம் சொல்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகளுக்கு. உங்கள் அம்மா பிரெஞ்சில் பிழை விட்டால் சிரிக்காதீர்கள். அவருக்குத் தெரிந்த 'வந்திருந்தால்' என்ற சொல்லை அவரிடம் கேட்டுப் பிரித்துப் படியுங்கள். உங்கள் பெஷரெலின் நான்காவது கட்டம் அப்போது இலகுவாகும்.

மூன்றாவது, வைத்தியராக எமது கடமை. இறந்தகாலத்துக்குரிய 'இருந்திருந்தாலை' வருங்காலத்துக்குரிய 'ஆலாக' மாற்றிக்கொள்ளுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், உடனே 15ஐ அழையுங்கள். அது பாரிசவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கப்பட வேண்டியது. படுத்தெழும்பினால் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். மகன் வேலையால் வரட்டும், அவன் கதைப்பான் என்றும் காத்திருக்க வேண்டாம். தொலைபேசியில் விலாசத்தைச் சொல்லவும், 'பேச முடியவில்லை, கை தூக்க முடியவில்லை' என்று சொல்லவும் தேவையான பிரெஞ்சு நாலு வரிதான். அந்த நாலு வரியை இந்த வாரமே பாடமாக்கி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நூறு வருடங்களாகப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் இலக்கணமும் தந்த கல்லூரி எமது கல்லூரி. குண்டும் இடப்பெயர்வும் வந்த காலத்திலும் மரத்தடியில் வகுப்பு நடத்திய ஆசிரியைகள் அதைத் தாங்கி நின்றார்கள். அவர்களிற் பலர் இன்று எம்மோடு இல்லை. அவர்கள் இருந்திருந்தால் எமது உச்சரிப்பை இந்த மேடையிலேயே திருத்தியிருப்பார்கள். அவர்கள் எல்லோரையும் நன்றியோடு நினைத்து, கல்லூரி இன்னொரு நூற்றாண்டும் சிறக்க வாழ்த்துகிறோம்.